பெட்டிக்குள் எத்தனை ரூபாய்?

விளையாட்டு வீரர் கார்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கிரிக்கெட், கால்பந்து, கூடைப்பந்து வீரர்களின் கார்டுகளைப் பெட்டியாக வாங்குவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சாலை ஊழியர்: பெங்களூரு கடை ஒன்றில் கால்பந்து கார்டு ‘ஹாபி பாக்ஸ்’ 6,000 ரூபாய் சொல்கிறார்கள். உள்ளே 20 பாக்கெட், பாக்கெட்டுக்கு 8 கார்டு. ஒரு கையெழுத்துக் கார்டு நிச்சயம் உண்டு என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்த விலை கொடுக்கலாமா?

கடைக்காரர் கைபேசியில் காட்டும் கனவுக் கார்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் ‘செக்லிஸ்ட்’ கிடைக்கும். எந்த வரிசையில் எந்தக் கார்டு, யார் யார் கையெழுத்து, எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஈபே தளத்தில் ஒவ்வொரு வகையும் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள். ‘விற்கப்பட்டவை’ என்று தனியாகப் பிரித்துக் காட்டும் வசதி அங்கே உண்டு. விற்காமல் கிடக்கும் கார்டுக்கு யாரும் ஒரு லட்சம் என்று எழுதி வைக்கலாம், அது விலையாகாது. பேரம் பேசி முடிந்த விற்பனையில் முதலில் கேட்ட விலையைக் கோடு போட்டு அடித்துக் காட்டுவார்கள். கைமாறிய தொகை அதைவிடக் குறைவு.

இப்போது உங்கள் 160 கார்டுகளைப் பிரிப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், முறையைக் கவனியுங்கள். சாதாரணக் கார்டு 140, மொத்தமாகத் தள்ளினால் கார்டுக்கு 3 ரூபாய் என்று 420. தனி வடிவமைப்பில் வரும் ‘இன்சர்ட்’ 15, தலா 30 ரூபாய், ஆக 450. நிறம் மாறிய ‘பேரலல்’ 4, தலா 200, ஆக 800. மீதி ஒன்று கையெழுத்துக் கார்டு. கையெழுத்திட்டவர்கள் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3 பேருடைய கார்டு 20,000 ரூபாய்க்கும், 7 பேருடையது 2,000-க்கும், மற்ற 50 பேருடையது 300-க்கும் போகிறது. சராசரி எடுத்தால் 1,483 ரூபாய். எல்லாம் கூட்டினால் பெட்டியின் சராசரி மதிப்பு ஏறத்தாழ 3,150. விற்பதற்கான கமிஷன், பார்சல் செலவு என்று 15 சதவீதம் கழித்தால் கையில் நிற்பது 2,680 சொச்சம்.

அந்தச் சராசரியும் ஓர் ஏமாற்று வித்தைதான். அதைத் தூக்கி நிறுத்துவது அந்த மூன்று நட்சத்திரங்கள். பெட்டி வாங்கும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு வருவது 300 ரூபாய்க் கையெழுத்து. அவர்கள் கணக்கில் பெட்டி 1,970 ரூபாய், அதுவும் 160 கார்டையும் உட்கார்ந்து விற்க முடிந்தால். சாதாரணக் கார்டுகளுக்கு நம் பக்கம் ஆள் தேடிப் பிடிப்பது லேசல்ல. ஆகவே சராசரியையும், நட்சத்திரம் வராவிட்டால் என்ன மிஞ்சும் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 6,000 கொடுத்துப் பிரிக்கிற சந்தோஷத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி. சம்மதம் என்றால் தாராளமாக வாங்குங்கள், அதில் தப்பில்லை. ஒரு குறிப்பிட்ட வீரரின் கார்டுதான் வேண்டும் என்றால் பெட்டி பக்கமே போகாதீர்கள், அந்த ஒரு கார்டைத் தனியாக வாங்குங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். புதிய வரிசை வெளியான முதல் வாரத்து விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது சந்தையில் கார்டு குறைவு, ஆசை அதிகம். பெட்டிகள் பிரியப் பிரிய விலை இறங்கும். இரண்டாவது, பெயர் ஒன்றாக இருந்தாலும் கார்டுக் கடைகளுக்கென்று வரும் ஹாபி பாக்ஸ் வேறு, பெரிய கடைகளுக்குப் போகும் ‘பிளாஸ்டர்’ பெட்டி வேறு. பிளாஸ்டரில் பெரும்பாலும் கையெழுத்துக்கு உறுதி கிடையாது, வாய்ப்பு விகிதமும் தனி. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர்காரர்கள் போடும் கையாளுதல் கட்டணம் எல்லாம் சேரும். ஆர்டர் போடுவதற்கு முன்பே கூரியர் நிறுவனத்திடம் தொகை கேட்டு, பெட்டி விலையோடு கூட்டிவிட்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு மாணவர்: பாக்கெட்டில் ஓர் அபூர்வ வகைக் கார்டுக்கு ‘1:24’ என்று போட்டிருக்கிறது. பெட்டியில் சரியாக 24 பாக்கெட். முழுப் பெட்டியையும் பிரித்தும் அந்த வகைக் கார்டு வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. 1:24, அதாவது 24 பாக்கெட்டுக்கு ஒன்று என்பது அச்சான மொத்தப் பாக்கெட்டுகளுக்கும் சேர்த்து எடுத்த சராசரி. கார்டுகள் கலைந்து விழுந்தால் 24 பாக்கெட்டில் ஒன்றாவது வருவதற்கு வாய்ப்பு 64 சதவீதம். மூன்று பெட்டிக்கு ஒன்று வெறுங்கையாகத்தான் அனுப்பும். இரண்டு பெட்டி வாங்கியும் வராமல் போக 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

‘பெட்டிக்கு ஒன்று உறுதி’ என்று தனியாக எழுதியிருந்தால் கதை வேறு, அது வந்தாக வேண்டும். அப்போதும் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சராசரியாக’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தருமபுரியிலிருந்து ஒரு தாய்: பத்து வயது மகன் கிரிக்கெட் கார்டு ஆல்பம் நிரப்புகிறான். தினமும் பாக்கெட் வாங்கித் தருவதைவிட ஒரேயடியாகப் பெட்டி வாங்கிவிட்டால் ஆல்பம் நிரம்பிவிடுமா?

ஆல்பத்தில் 100 கார்டு, எல்லாம் ஒரே அளவில் அச்சானவை என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டுக்கு 5 கார்டு, பெட்டிக்கு 24 பாக்கெட் என்றால் பெட்டியில் 120 கார்டு. 120 இருக்கிறதே, நூறு நிரம்பிவிடும் என்று தோன்றும். நிரம்பாது. முதல் பெட்டியில் ஏறக்குறைய 70 வெவ்வேறு கார்டு கிடைக்கும், மீதி 50-ம் டபுள். இரண்டாவது பெட்டியோடு 91. மூன்றாவதோடு 97. மூன்றாவது பெட்டியின் 120 கார்டில் புதிதாகக் கிடைப்பது ஆறோ ஏழோதான். அதற்கு ஒரு முழுப் பெட்டி விலை!

வாங்கியே நிரப்புவதென்றால் சராசரியாக 519 கார்டு, அதாவது 104 பாக்கெட் தேவைப்படும். முதல் 50 இடம் வெறும் 14 பாக்கெட்டில் நிரம்பிவிடும். கடைசி 10 இடத்துக்கு மட்டும் 59 பாக்கெட். பளபளக்கும் அபூர்வக் கார்டுகளுக்கும் ஆல்பத்தில் இடம் இருந்தால் இன்னும் மோசம்.

எனவே ஒரு பெட்டி வாங்கலாம், அதோடு நிறுத்துங்கள். ஒரே பெட்டிக்குள் டபுள் குறைவாக வரும்படி அடுக்குகிற நிறுவனங்களும் உண்டு. அங்கேயும் முதல் பெட்டிக்குத்தான் லாபம். பிறகு வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து டபுள்களை மாற்றிக்கொள்ளட்டும். இல்லாத எண்களை ஒரு தாளில் எழுதி ஆல்பத்திலேயே சொருகி வைக்கச் சொல்லுங்கள். கடைசி ஐந்தாறு கார்டைத் தனியாக விலைக்கு வாங்குங்கள். ஒன்றுக்குப் பாக்கெட் விலையே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இன்னொன்று. இந்தியாவில் விற்பனைக்கு வரும் பாக்கெட்டில் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரியோடு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ‘ஐபிஎல் சீசன், டிமாண்ட் அதிகம்’ என்று சொல்லி அந்த விலைக்கு மேல் கேட்பது சட்டப்படி தவறு.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர்: சீல் பிரிக்காத பெட்டி என்று நம்பி ஆன்லைனில் வாங்கலாமா? பிரித்து நல்ல கார்டை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிவிடுவார்கள் என்கிறார்களே?

ஒட்டத்தான் செய்கிறார்கள். சுருங்கும் பிளாஸ்டிக் தாளும் ஹீட் கன்னும் எங்கும் கிடைக்கும் பொருள்கள். ஆகவே பெட்டியின் மேல்தாள் கிழியாமல் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதல் வேலையாக, அதே வருடம், அதே வகைப் பெட்டியின் படங்களைப் பெரிய விற்பனையாளர்களின் தளத்தில் தேடி எடுங்கள். தாளில் நிறுவனத்தின் முத்திரை அச்சிட்டிருக்கிறதா, இணைப்பு எந்தப் பக்கம் வருகிறது, மூலையில் மடிப்பு எப்படி என்பது வகைக்கு வகை மாறும். உங்களிடம் விற்க வருபவரிடம் ஆறு பக்கமும் தனித்தனிப் படம் கேளுங்கள். ‘இணையத்திலிருந்து எடுத்த மாதிரிப் படம்’ அனுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். தாள் தளர்ந்து சுருக்கம் விழுந்திருப்பது, மூலையில் உருகி முண்டு முண்டாக நிற்பது, தாளுக்கு அடியில் அட்டையின் விளிம்பு தேய்ந்திருப்பது எல்லாம் சந்தேகத்துக்கு இடம் தருபவை. கடைசியாகச் சொன்னதுதான் வலுவான தடயம். புதுத் தாளுக்கு உள்ளே பழைய தேய்மானம் எப்படி வரும்?

பெட்டி சரியாக இருந்தாலும் பாக்கெட்டுகளைப் பாருங்கள். தகடு பாக்கெட்டின் மேலும் கீழும் பல்வரிசை போல அழுத்தம் இருக்கும். எல்லாப் பாக்கெட்டிலும் அந்த வரிகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் வர வேண்டும். நகத்தால் தடவினால் பிசுபிசுப்பு தட்டக் கூடாது. கள்ளக்கை பெரும்பாலும் பின்பக்கம் நீளவாக்கில் ஓடும் ஒட்டுத் தையலைத்தான் பிரிக்கும், ஏனென்றால் முன்பக்கம் பார்ப்பவர் கண்ணில் படும். தையலை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பசை கோடு வளைந்து நெளிந்து போனால் அது இயந்திரத்தின் வேலையில்லை.

மெழுகுத் தாளில் சுற்றிய 1980-களின் அமெரிக்கப் பாக்கெட்டுகளை இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே ஒட்டிவிடலாம். பின்பக்கம் மெழுகுக் கோடு இரட்டையாகத் தெரிந்தால் வேண்டாம். அத்தகைய பழம்பெட்டிகளுக்கு அமெரிக்காவில் பேஸ்பால் கார்டு எக்ஸ்சேஞ்ச் என்ற நிறுவனம் சோதித்துத் தன் முத்திரைத் தாள் சுற்றித் தருகிறது. அது இல்லாத விலையுயர்ந்த பழைய பெட்டியை வாங்காமல் இருப்பதே புத்தி.

திறந்த பெட்டியிலிருந்து உதிரியாக எடுத்து விற்கும் பாக்கெட்டுக்கு முழுப் பெட்டியின் கணக்கு பொருந்தாது. வீரரின் சட்டைத் துணி பதித்த கார்டு தடிமனாக இருக்கும். விரலால் தடவியும், நகைக்கடைத் தராசு மாதிரி துல்லியமான சிறு தராசில் நிறுத்தும் அந்தப் பாக்கெட்டுகளை முன்பே பொறுக்கிவிடுவார்கள். இதைத் தடுக்க நிறுவனங்கள் சில பாக்கெட்டில் வெறும் தடித்த அட்டையைச் செருகுவதும் உண்டு. ஆனாலும் ஒருவர் பொறுக்கிப் போட்ட மிச்சத்துக்கு முழு விலை கொடுக்க நமக்கென்ன தலையெழுத்து?

பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டில் தொடங்கி கடைசிப் பாக்கெட் வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

ஓசூரிலிருந்து இன்னொருவர்: அமெரிக்காவில் இருக்கும் உறவினர் 1990, 1991 வருடத்து பேஸ்பால் கார்டு பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். 30 வருடத்துக்கு மேல் ஆன பழைய பெட்டி, எனக்கு ‘சலுகை விலைக்கு’ தருவதாகச் சொல்கிறார்.

உறவு முறியாமல் மறுத்துவிடுங்கள். 1980-களின் பிற்பகுதியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரையான காலத்தை அங்குள்ள சேகரிப்பாளர்கள் ‘குப்பை மெழுகுக் காலம்’ என்றே சொல்வார்கள். 1950-களின் கார்டுகள் பெரும் விலைக்குப் போவதைப் பார்த்த மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் போட்டார்கள். நிறுவனங்களும் கணக்கில்லாமல் அச்சடித்தன. பழசுக்கு விலை வரக் காரணம், அந்தக் காலத்தில் பிள்ளைகள் விளையாடிக் கசக்கி எறிந்ததால் நல்ல நிலையில் மிஞ்சியது சொற்பம் என்பது. டாப்ஸ் நிறுவனத்தின் 1952 வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனதும் அதனால்தான். எல்லாரும் பத்திரப்படுத்திய 1990-க்கு அந்த யோகம் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 பெட்டிக்கு, பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் அறிமுகக் கார்டுக்காக (வீரர் களத்துக்கு வந்த புதிதில் வெளியாகும் கார்டு) இன்றும் கிராக்கி. ஃபிளீர் நிறுவனத்தின் 1986-87 கூடைப்பந்துப் பெட்டியில் மைக்கேல் ஜோர்டானின் 57-ஆம் எண் கார்டு வருகிறது. அதன் விலையே வேறு உயரம், போலிகளும் அதே அளவுக்கு. உங்கள் உறவினரின் பெட்டிகள் அந்த ரகம் இல்லை. போதாக்குறைக்கு, அந்தக் காலத்துப் பளபளப்புப் பூச்சுக் கார்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். பிரிக்கப் போனால் முகம் உரிந்து வரும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: இன்ஸ்டாகிராமில் 999 ரூபாய் ‘மிஸ்டரி பாக்ஸ்’ விற்கிறார்கள். ஏதாவது ஒரு பெட்டியில் 50,000 ரூபாய் கார்டு இருக்கிறதாம்.

மாம்பழம் விளையும் ஊர்க்காரருக்கு இதைச் சொல்ல வேண்டுமா? மேல்வரிசைப் பழத்தைப் பார்த்து நீங்கள் பெட்டிக்கு விலை பேசமாட்டீர்கள். இங்கே அந்த மேல்வரிசைகூட உங்கள் பெட்டியில் இல்லை, விளம்பரத்தில்தான் இருக்கிறது.

மிஸ்டரி பாக்ஸை அடைப்பவர் கார்டு நிறுவனம் இல்லை, விற்பவரேதான். அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மொத்தம் எத்தனை பெட்டி? 50,000 ரூபாய்க் கார்டு இதுவரை வெளியே போய்விட்டதா? 500 பெட்டி என்றால் அந்தக் கார்டு உங்கள் பெட்டிக்குச் சேர்க்கும் மதிப்பு 100 ரூபாய். மீதி 899 ரூபாய்க்கு என்ன இருக்கிறது என்பதற்கு அவர் பதில் சொல்லட்டும். எண்ணிக்கையைச் சொல்ல மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். தமிழ்நாடு 2003-லேயே லாட்டரிச் சீட்டைத் தடை செய்த மாநிலம். அதை அட்டைப் பெட்டியில் போட்டுத் தந்தால் மட்டும் ஏன் கை நீட்ட வேண்டும்?

நேரலையில் பெட்டி பிரித்து, ‘அணிக்கு இவ்வளவு’ என்று பங்கு விற்பவர்களிடமும் (அந்த அணியின் கார்டுகள் பங்கு வாங்கியவருக்கு) இதே கணக்குதான். எல்லா அணியின் பங்கு விலையையும் கூட்டுங்கள். பெட்டியின் விலையைவிட எவ்வளவு அதிகம் வருகிறதோ அது அவருடைய கூலி.

பென்னாகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பெட்டியில் வந்த அறிமுகக் கார்டை பிஎஸ்ஏ-வுக்கு அனுப்பி 10 மதிப்பெண் வாங்கினால் பெட்டிக் காசு திரும்பிவிடும் என்கிறார் கடைக்காரர்.

பெட்டியை விற்க இதுதான் பழைய தந்திரம். கார்டு நிலையை 1 முதல் 10 வரை மதிப்பிட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனம் பிஎஸ்ஏ. 10 வாங்கிய கார்டின் விலையைக் காட்டிவிட்டு, உறையில்லாத கார்டு வரும் பெட்டியைக் கையில் கொடுப்பார்கள். பெட்டிக் கணக்கில் எப்போதும் உறையில்லாத கார்டின் விலையைப் போடுங்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மில்லிமீட்டர் அளவுகோலால் படத்தின் இடது, வலது ஓர வெள்ளையை அளந்து பாருங்கள். ஒருபக்கம் 2, மறுபக்கம் 3 என்றால் 40-60. பத்துக்கு முன்பக்கம் ஏறத்தாழ 55-45-க்குள் இருக்க வேண்டும், ஆக இது தேறாது. அடுத்து நான்கு மூலைகளையும் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் போச்சு. விளக்கடியில் சாய்த்தால் மேற்பரப்பில் உருளை ஓடிய கோடுகள் தெரியும். பாக்கெட்டிலிருந்து நேராக எடுத்த கார்டு என்பதால் பத்து கிடைத்துவிடாது; வெட்டுப் பிசகு ஆலையிலேயே நடந்துவிடுகிறது. போக வர பார்சல், காப்பீடு, கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் சில ஆயிரம் ரூபாய்க் கார்டை அனுப்புவதே வீண்.

அரூரிலிருந்து: பெட்டியைப் பிரிக்காமல் ஐந்து வருடம் வைத்திருந்தால் விலை ஏறுமா? எங்கள் ஊர் வெயில் தாங்குமா?

ஏறும் பெட்டியும் உண்டு, அப்படியே கிடக்கும் பெட்டியும் உண்டு. அந்த வருடம் அறிமுகமான இளம் வீரர் பின்னால் பெரிய ஆளாக வந்தால், அதுவரை பிரியாமல் மிஞ்சிய பெட்டிகள் குறைவாக இருந்தால் ஏறும். இரண்டும் உங்கள் கையில் இல்லை. ஒரு பொறி மட்டும் கவனியுங்கள். வீரர் நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால் பெட்டிக்குள் கார்டுக்குப் பதில், பின்னால் நிறுவனத்திடம் கார்டாக மாற்றிக்கொள்ளும் ‘ரிடெம்ப்ஷன்’ சீட்டு வைத்திருப்பார்கள். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. ஐந்து வருடம் கழித்துப் பிரித்தால் உங்கள் ‘உறுதியான கையெழுத்து’ காலாவதியான சீட்டாக வரலாம். யாராவது பழைய பெட்டி விற்க வந்தாலும் இதை நினைத்துத்தான் விலை பேச வேண்டும்.

வெயிலைவிட ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான் பகை. உலோகப் பளபளப்புள்ள குரோம் கார்டின் முன்பக்கப் பூச்சு ஈரம் குடிக்காது, பின்பக்க அட்டை குடிக்கும், அதனால் வளைகிறது. ஓட்டு வீட்டுப் பரண், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்குச் சுவர் அலமாரி மூன்றும் ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு, தரையிலிருந்து உயர்த்தி, வீட்டின் நடு அறையில் வையுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே போட்டு 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஜெல்லை மாற்ற வேண்டிவரும். ரசகற்பூர உருண்டை போடாதீர்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: 90-களில் சேர்த்த டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு, பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. தேறுமா?

மூலை மழுங்கி, ரப்பர் பேண்ட் தடம் விழுந்திருந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கட்டு முழுதாக, உறையோடு இருந்தால் அதே வயதுக்காரர்கள் ஆசைக்கு வாங்குவார்கள். உதிரியாக உடைக்காமல் கட்டாகவே விற்றுப் பாருங்கள்.

தருமபுரியிலிருந்து: ஒட்டிய பெட்டி என்று தெரிந்துவிட்டது. விற்றவர் பணம் தர மறுக்கிறார். வழக்குப் போட பெங்களூரு போக வேண்டுமா?

வேண்டியதில்லை. கடையோ ஆன்லைன் விற்பனை நிறுவனமோ என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல விவகாரம் அங்கேயே தீர்ந்துவிடும். பில், பணம் அனுப்பிய ரசீது, விற்றவரோடு நடந்த உரையாடலின் படங்கள், பிரித்த வீடியோ நான்கையும் சேர்த்து வையுங்கள். பாக்கெட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தத் தையலைக் காட்ட வேண்டியிருக்கும். வாட்ஸ்ஆப் குழுவில் முகம் தெரியாத ஆளுக்கு யுபிஐ-யில் பணம் போட்டு ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி.